கதவில் அடையாளம், கூரையில் எலி

சேலத்தில் ஒரு வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் தபால்காரர்கூட வெளியில் நின்றே குரல் கொடுப்பார். குகைப் பகுதியிலும் சரி, அம்மாப்பேட்டையிலும் சரி, அதற்கு விளக்கம் தேவையில்லை. உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. வாசலுக்கு வருபவருக்குப் பிச்சை கிடையாது, துணி வெளுக்கப் போகாது. வெளியூர்ச் சொந்தம் வந்தாலும் திண்ணையோடு சரி. படுத்திருப்பவருக்கு இளநீர், கூழ், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது. மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகுதான் வேப்பிலை இறங்கும்.

நோய் கண்ட வீட்டுக்கு அடையாளம் வைப்பது உலகத்தில் எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது. ஆனால் வேப்பிலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதைச் செருகுவது அந்த வீட்டுக்காரரேதான். சர்க்காரோ காவலரோ வந்து ஒட்டுவதில்லை. பெரியம்மை, பிளேக், கொரோனா என்று எந்தக் காலத்துக் கதையை எடுத்தாலும், அடையாளத்தை யார் வைத்தார்கள், வைத்த பின் அந்த வீட்டுக்குச் சோறு யார் போட்டார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால் மிச்சக் கதையை முக்கால்வாசி ஊகித்துவிடலாம். பாக்கி இருக்கும் கால்வாசி, நோய் எப்படிப் பரவுகிறது என்பது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டைப் பூட்டியதால் செத்தவர்கள் ஏராளம்.

லண்டனில் தொடங்கலாம். 1518-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த உத்தரவுப்படி, கொள்ளைநோய், அதாவது பிளேக், கண்ட வீட்டின் முன் ஒரு கழியில் வைக்கோல் கட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நாற்பது நாள் அது தொங்கும். அந்த வீட்டிலிருந்து யாராவது தெருவில் இறங்கினால் கையில் 4 அடி நீள வெள்ளைக் கோல் பிடித்து நடக்க வேண்டும். வெளியே போகத் தடை இல்லை, பார்ப்பவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஏறக்குறைய நம் வேப்பிலை போலத்தான். போகப்போக உத்தரவு இறுகியது. 1604-ல் பாராளுமன்றம் போட்ட சட்டத்தின்படி, உடம்பில் நெறிகட்டியோடு வெளியே வந்து பிறரோடு கலந்தவரைத் தூக்கில் போடலாம். கட்டி இல்லாதவர் வந்தால் சவுக்கடி. அதே சட்டம், அடைபட்ட வீடுகளுக்குச் சோறு போட ஊராரிடம் வரி வசூலிக்கவும் வழி செய்தது. தூக்கை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், வரியை மறந்துவிடுகிறார்கள்.

1665-ல் பெரும் கொள்ளைநோய் வந்தபோது லண்டன் மேயர் போட்ட உத்தரவு மிகத் துல்லியமானது. கதவின் நடுவில் ஓர் அடி நீளத்துக்குச் சிவப்புச் சிலுவை. அதற்கு மேலே ஒட்டி, ஆண்டவரே எங்கள்மேல் இரங்கும் என்று அச்சடித்த தாள். வீடு ஒரு மாதம் அடைப்பு. வாசலுக்கு இரண்டு காவலர். பகல் காவலர் இரவு பத்து மணி வரை, இரவுக் காவலர் காலை ஆறு வரை. வீட்டுக்கு வேண்டியதை வாங்கிவருவதும் காவலர் வேலைதான். அப்படிப் போகும்போது வெளியில் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வைத்தியர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தாதி, பிணம் புதைப்பவர் எல்லோரும் தெருவில் நடக்கும்போது 3 அடி நீளச் சிவப்புக் கோலை வெளியே தெரியும்படி பிடிக்க வேண்டும்.

எழுதி வைத்ததில் குறை சொல்ல முடியாது. நடந்தது வேறு. நோயைப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கிழவிகள். கையில் கொஞ்சம் காசு வைத்தால் வேறு காய்ச்சல் என்று எழுதிவிடுவார்கள். காவலருக்கும் காசு. ஒருவர் விழுந்தால் குடும்பமே உள்ளே பூட்டப்படும் என்று தெரிந்த வீட்டில், முதல் ஆள் படுத்ததும் மற்றவர்கள் அடையாளம் விழும் முன் கிளம்பிவிட்டார்கள். பூட்டுக்குப் பயந்து ஓடியவர்கள்தான் நோயை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நாய், பூனைகளையும் கொல்லச் சொன்னது அதே மாநகர நிர்வாகம். எலி பிடிக்கும் பூனையை!

ஏன் எலி என்று சொல்லிவிட வேண்டும். பிளேக் மனிதரின் நோயாகத் தொடங்குவதில்லை. எலிக்கு வருகிறது. எலி செத்து உடல் ஆறியதும் அதன்மேல் இருந்த தெள்ளுப்பூச்சி இறங்கி வேறு சூட்டைத் தேடுகிறது. வேறு எலி கிடைக்காதபோது மனிதன். வீட்டில் எலி விழ ஆரம்பித்து ஏறக்குறைய பத்துப் பதினான்கு நாளில் மனிதருக்குக் காய்ச்சல் வரும். கடிபட்டவருக்கு இரண்டிலிருந்து ஆறு நாளுக்குள் நோய் தெரியும். தெள்ளு நம் கணுக்கால், கெண்டைக்கால் பக்கம் கடிப்பதால்தான் நெறிகட்டி பெரும்பாலும் தொடையிடுக்கில் வருகிறது. நெஞ்சில் இறங்கிய பிளேக் மட்டும் இருமலில் நேரே ஆளுக்கு ஆள் தாவும். மற்றபடி ஆபத்து நோயாளியிடம் குறைவு, அந்த வீட்டிடம்தான் அதிகம். அந்த வீட்டுக்குள் ஆரோக்கியமானவர்களையும் சேர்த்து ஒரு மாதம் பூட்டினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

இதை உறுதியாகக் கண்டுபிடித்தது அன்றைய இந்தியாவில். 1894-ல் ஹாங்காங்கில் எர்சின் என்ற ஆய்வாளர் பிளேக் கிருமியைக் கண்டார். 1898-ல் கராச்சியில் சிமோன் தெள்ளுப்பூச்சியைக் கைகாட்டினார், பெரும்பாலோர் நம்பவில்லை. 1905-க்குப் பிறகு பம்பாயில் வேலை செய்த ஆய்வுக் குழு பிளேக் வீடுகளுக்குள் சீமைப்பெருச்சாளிகளை (கினிப் பன்றி) கூண்டில் வைத்துப் பார்த்தது. தரையிலிருந்து 2 அங்குலம் மேலே தொங்கிய கூண்டில் இருந்தவற்றுக்கு நோய் வந்தது. 2 அடி மேலே தொங்கியவற்றுக்கு வரவில்லை. எலித் தெள்ளு எம்பிக் குதித்தால் சுமார் 4 அங்குலம். காற்றில் விஷம், தரையில் நச்சு என்றிருந்த பேச்செல்லாம் அந்தக் கூண்டோடு முடிந்தது.

ஆனால் அதற்குள் கெடுதல் நடந்து முடிந்திருந்தது. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்ததும் லண்டன் பாணியையே பெரிதாக்கினார்கள். நோய் கண்ட வீட்டுச் சுவரில் சிவப்பு வட்டம் போட்டார்கள். ஒரே கதவில் நாலைந்து வட்டம் விழுந்த வரிசைக் குடியிருப்புகள் அந்தக் காலத்துப் படங்களில் இருக்கின்றன. மனிதர் குடியிருக்க லாயக்கில்லை என்பதற்கு யு.எச்.எச். என்று மூன்று எழுத்து. ஓடுகளைப் பிரித்து வெயில் விட்டார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். தரையில் மருந்து ஓடியதும் எலி என்ன செய்யும்? பக்கத்து வீட்டுக்குப் போகும். 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனேவில் பட்டாளத்துக்காரர்களை வீடு வீடாக உள்ளே விட்டுத் தேடியதில் வந்த ஆத்திரத்தில், 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 1898 மார்ச்சில் பம்பாயில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணைச் சோதிக்கப் போனபோது நெசவாளர்கள் திரண்டு பெரிய கலகமானது. நோயாளியை மறைப்பது மக்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் என்றாகிவிட்டது.

பெங்களூருக்கு 1898 ஆகஸ்டில் பிளேக் வந்தது. அன்றைய சேலம் ஜில்லா ஓசூர் வரை நீண்டது. அதாவது மைசூர் சமஸ்தானத்தின் வாசல்படியே நம் ஜில்லாதான். பெங்களூர் ரயில் ஜோலார்பேட்டையில் சென்னை லைனோடு சேரும், அங்கிருந்து தெற்கே இறங்கினால் சேலம். இந்த இரண்டு வழியையும் வைத்துத்தான் சென்னை மாகாண நிர்வாகம் யோசித்தது. அவர்கள் வீட்டுக்கு அடையாளம் போடுவதோடு ஆளுக்கும் அடையாளம் கொடுத்தார்கள். நோய்ப் பகுதியிலிருந்து வருபவருக்கு ஒரு பிளேக் பாஸ்போர்ட். பெயர், ஊர், போகுமிடம் எழுதியிருக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள், தினமும் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். காய்ச்சல் இல்லையென்றால் தன் வேலையைப் பார்க்கலாம். நோய் தெரிய அதிகபட்சம் ஒரு வாரம் என்பதால் பத்து நாள் போதுமானது. லண்டன் ஒரு மாதத்தோடு ஒப்பிட்டால் இதில் கணக்கு இருக்கிறது. ஆள் கூலி வேலையையும் இழக்கவில்லை. என் பார்வையில் அந்தக் காலத்து விதிகளிலேயே புத்தியோடு செய்தது இதுதான். பெயரை மாற்றிச் சொல்வது, கடைசி ஸ்டேஷனுக்கு முன்பே இறங்கி நடந்து ஊருக்குள் நுழைவது என்று இதற்கும் ஓட்டை இருந்தது, அது வேறு.

வீட்டுக்கு வருவோம். சேலத்தில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய ஓட்டு வீட்டுத் தெருவைக் கூரை மட்டத்தில் பார்த்தால் பிளேக் காலத்து அடையாளம் ஏன் தோற்றது என்று புரிந்துவிடும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே பொதுச்சுவர். பல வீடுகளில் அந்தச் சுவர் உத்திரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே சரமும் நாட்டு ஓடும், இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் தடையில்லாமல் ஓடும். கூரையில் கூடு கட்டும் கறுப்பு எலிக்கு அது ராஜபாட்டை. தரைக்கு மேலே ஐந்து கதவு எண், ஓட்டுக்குக் கீழே ஒரே வீடு. நடுக் கதவில் மட்டும் வட்டம் போட்டு இரண்டு பக்கத்தையும் விட்டால் அந்த வட்டத்துக்கு அர்த்தம் கிடையாது. ஏற்காட்டு காப்பி எஸ்டேட்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளுக்கும் இதே சிக்கல். செவ்வாய்ப்பேட்டை போன்ற தானியச் சந்தைப் பக்கம் எலிக்குத் தீனிக்குப் பஞ்சமே இல்லை. மூட்டை இடுக்கில் தெள்ளும் எலியும் வண்டியேறி ஊர் மாறும்.

நெசவாளர் வீட்டில் இன்னொரு கஷ்டம். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுவார்கள், எலிக்கு அது விருந்து. தறியோ குழித்தறி. தரையில் குழி வெட்டி, கால்மிதி உள்ளே இருக்கும்படி நட்டது. நெய்பவர் காலைத் தொங்கவிட்டு அந்தக் குழிக்குள்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், 4 அங்குலம் எம்பும் பூச்சிக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. வீட்டைக் காலி செய் என்றால் பாத்திரத்தைத் தூக்கலாம், துணியைத் தூக்கலாம், குழியைத் தூக்க முடியாது. பாதி ஓடிய பாவு தறியில் இருக்கும்போது வெளியேறச் சொன்னால் அந்த வீட்டின் வருமானம் அன்றோடு நின்றது. நெசவுத் தெருவில் மறைப்பு அதிகம் இருக்கக் காரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

பூட்டுவதைவிடக் காலி செய்வது நல்லது என்று தென்னிந்தியக் கிராமங்களில் சீக்கிரமே தெரிந்தது. கிருமி, தெள்ளு எதுவும் தெரியாமலே, எலி விழுந்தால் ஊரை விட்டு வெளியே போ என்ற வழக்கம் வந்தது. எலி விழுந்த அன்றே கிளம்ப வேண்டும், ஆளுக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருந்தால் இரண்டு வாரம் வீணாகிவிடும். செத்த எலியைக் கையால் தொடாமல், மேலே மண்ணெண்ணெய் ஊற்றிக் கிடந்த இடத்திலேயே தெள்ளைக் கொன்று, பிறகு நீளக் குச்சியால் எடுத்து எரிக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கித் தெருவில் எறிவதுதான் வழக்கமான தப்பு. ஆறிய எலியிலிருந்து தெள்ளு கிளம்பும் நேரமே அதுதான். குடிசையை ஊரிலிருந்து தள்ளி, மேட்டுக்காட்டில், மூங்கிலும் ஓலையும் வைத்துப் போட வேண்டும். ஒரு குடிசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட வேண்டும். தானியத்தை உள்ளே சேர்த்து வைத்தால் எலி தேடி வந்துவிடும், அன்றன்றைக்கு வேண்டியது மட்டும்தான். படுக்கை, பழந்துணி, கோணிச் சாக்கு இவற்றைச் சுருட்டியபடி கொண்டுபோனால் தெள்ளையும் சேர்த்துச் சுருட்டுகிறோம். மெல்லியதாகப் பிரித்துச் சூடேறிய வெறுந்தரையில் உச்சி வெயிலில் சில மணி நேரம் பரப்ப வேண்டும். மடித்துப் போட்டால் உள்மடிப்பில் உயிரோடு இருக்கும். சேலத்து வெயிலுக்கு ஒரு நல்ல குணம் உண்டென்றால் அது இங்கே. வறண்ட கடுஞ்சூட்டில் தெள்ளு பிழைக்காது. அதனால்தான் பிளேக் குளிர்மாதங்களில் ஏறிக் கோடையில் அடங்கும். மேட்டு நிலமான ஓசூர்ப் பக்கம் குளிர்ச்சி அதிகம் என்பதால் நோய்க்கு அங்கே காலூன்ற வசதி.

கெடுவது எங்கே? பெரும்பாலும் ராத்திரியில். பூட்டிய வீட்டில் திருட்டுப் போகும் என்று குடும்பத்தலைவர் மட்டும் வீட்டுக்குத் திரும்பித் தரையில் பாய் போட்டுப் படுப்பார். பசித்த தெள்ளுக்கு அந்த ஒருவர்தான் கிடைப்பார். மழை பிடித்துக்கொண்டால் ஒட்டுமொத்தமாகத் திரும்பிவிடுவார்கள். காவல் போட்ட ஊரில் ஜனம் வெளியில் தங்கியது, போடாத ஊரில் ஒரு வாரம் தாங்கவில்லை. ஆகவே காலி செய்த வீட்டுக் கதவில் போடும் அடையாளத்தின் உண்மையான வேலை, இந்த வீட்டுச் சாமானுக்குச் சர்க்கார் பொறுப்பு என்று சொல்வதாக இருந்திருக்க வேண்டும்.

பிற்பாடு எலி வளைக்குள் சயனைடு தூளை ஊதி அடைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. தூள் வந்தது. சயனைடு வளைக்குள் இருக்கும் எலியையும் தெள்ளையும் சேர்த்தே கொல்லும், டி.டி.டி.க்கு வரிசை முக்கியம். முதலில் வளை வாயிலும் எலித் தடத்திலும் தூளைத் தூவித் தெள்ளைக் கொல்ல வேண்டும், அப்புறம்தான் எலிக்கு விஷம். மாற்றிச் செய்தால் செத்த எலிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் தெள்ளு ஆளைத் தேடி வரும். இன்றைக்கும் விதி இதேதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது என்பது முன்னோர் கண்ட தனிமைப்படுத்தல் என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் வருகிறது. இங்கிலாந்தில் ஈம் (Eyam) என்ற கிராமம் 1666-ல் தன்னைத்தானே எல்லை போட்டு அடைத்துக்கொண்டது உண்மை. எல்லைக் கல்லில் குழி வெட்டி வினிகர் ஊற்றிக் காசை அதில் போடுவார்கள், வெளியூர்க்காரர் உணவை வைத்துவிட்டு எடுத்துப்போவார். சுமார் 260 பேர் இறந்தார்கள், நோய் சுற்றுவட்டாரத்துக்குப் பரவவில்லை என்று பேர் வாங்கினார்கள். நம் காப்புக்கும் அப்படி ஒரு பக்கம் இருக்கலாம். ஆனால் அதே திருவிழாவில் ஊரே ஒரு கோயில் வாசலில் கூடிக் கூழ் ஊற்றி, கோட்டை மாரியம்மனுக்கு ஆயிரக்கணக்கில் வரிசை நிற்கிறோம். வழக்கத்தை விஞ்ஞானமாக்க அவசரப்பட வேண்டாம்.

வீட்டைத் தனிமைப்படுத்தியதில் முழுதாக ஜெயித்தது பெரியம்மை ஒழிப்புதான். தமிழ்நாட்டில் முன்பே ஓய்ந்துவிட்டது, வடக்கே 1975 வரை இழுத்தது. அந்தக் கடைசிக் கட்டத்தில் நோய் கண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு காவலர் போட்டார்கள். முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும், பகலும் இரவும். லண்டனோடு வித்தியாசம் என்னவென்றால், உள்ளே போக வேண்டும் என்று வந்தவரைத் துரத்தவில்லை, வாசலிலேயே தடுப்பூசி போட்டார்கள். வீட்டார் எல்லோருக்கும், சுற்று வீட்டாருக்கும் ஊசி. உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாமல் இருக்க உணவு வாங்கிக் கொடுத்தார்கள். பொருக்கு முழுதும் உதிரும்வரை காவல் இறங்காது. புது நோயாளியைச் சொன்னவருக்கு 1,000 ரூபாய் பரிசு, மறைப்பதைவிடச் சொல்வது லாபம் என்று ஆனது. 1975 மே 24 அன்று அசாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் கண்டெடுத்த நோயாளியே நாட்டில் கடைசி. பெரியம்மைக்கு எலியும் கிடையாது, தெள்ளும் கிடையாது, ஆளுக்கு ஆள்தான். அதனால் கதவில் நிறுத்தினாலே நிற்கும்.

2020-ல் மறுபடி பழைய பாடம். கதவில் ஸ்டிக்கர், கையில் முத்திரை, தெருவுக்குத் தகர அடைப்பு. பெங்களூரில் ஒரு அடுக்குமாடியில் இரண்டு வீட்டு வாசலையே தகரத்தால் மூடிவிட்டு, தீப்பிடித்தால் என்ன செய்வார்கள் என்று கேள்வி எழுந்ததும் கழற்றி மன்னிப்புக் கேட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குப் பால்காரர் வருவது நின்றது, வாடகைக்காரரைக் காலி செய்யச் சொன்னார்கள், அடுத்த தெருவில் காய்ச்சல் வந்தவர் பரிசோதனைக்கே போகவில்லை. அதே வருடம் டிசம்பர் 9 அன்று, தகுந்த அதிகாரி பேரிடர் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டால் ஒழிய வீட்டு வாசலில் இப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்றைக்கு வேப்பிலை செருகும் வீட்டில் இருப்பது சின்னம்மை. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும், எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டும்வரை தொற்றும், பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாள். ஏழு, ஒன்பது, பதினொன்று என்று தண்ணீர் ஊற்றும் கணக்கு இதற்குச் சரியாகவே பொருந்துகிறது. பொருக்கு உதிர மூன்று நாலு வாரம் பிடித்த பெரியம்மைக்குப் பொருந்தியிருக்காது. மூன்றாம் தண்ணீருக்கு முன் ஒரு தடவை முதுகு, தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால் பார்க்கவும். ஈரமாக ஒரு கொப்புளம் இருந்தாலும் தண்ணீரை அடுத்த முறைக்குத் தள்ளவும். வேப்பிலை செருகிய அன்றே அக்கம்பக்கத்தில் கர்ப்பிணி, கைக்குழந்தை, புற்றுநோய் மருந்து எடுப்பவர் இருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு எதிர்ப்புப்பொருள் (இம்யூனோகுளோபுலின்) ஊசி போடுவதானாலும் நாள் தள்ளக் கூடாது. பெரியவர்களுக்கு அம்மை போட்டால் முதல் நாளே டாக்டரிடம் போக வேண்டும், மருந்து வேலை செய்வது முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வீட்டில் இன்னொருவருக்குத் தொற்றியிருந்தால் பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் தெரியும், அதனால் முதல் ஆளுக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவசரமாகக் கொத்தை எடுத்துப் போட வேண்டாம்.